போத்தற் பாலிலிருந்து குழைக்கு



ஆடு ஒன்று மூன்று குட்டிகளை ஈன்று, அவற்றுள் ஒன்றைத் தாய் ஏற்காமல் முட்டித் தள்ளிவிட, அக்குட்டியைச் சாக்கிற் சுற்றி அடுப்பங்கரைக்கு எடுத்துவந்த அனுபவம் உங்களிற் பலருக்கு இருக்கும். சில வேளைகளில் ஈன்ற தாயே இறந்துபோவதும் உண்டு. மடிவீக்கங் கண்டு பால் வற்றிப்போவதும் உண்டு. அவ்வாறு தனித்துப்போன குட்டியைப் போத்தலிற் பாலூட்டிப் பிழைக்கவைப்பது எப்படி என்பதை அயல் அட்டையில் யாரைக் கேட்டாலும் சொல்லித் தருவர். ஆனால், பிழைத்தெழுந்து வீட்டுக்குள்ளே துள்ளித் திரியும் அக்குட்டியைப் பால் மறக்கச் செய்து, வெளியே கொட்டிலில் மற்றை ஆடுகளோடு சேர்ப்பது எப்படி என்று சொல்லுவார் குறைவு. முதல் வாரத்தைக் கடந்த குட்டி மூன்றாம் மாதத்தைக் கடக்காமற் போவது பெரும்பாலும் இந்த இடத்திலேதான். இன்று அதைப்பற்றியே உங்களோடு பேச எண்ணுகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கள் வளவிலே நாலைந்து ஆடுகள் எப்போதும் நிற்கும். சில ஆண்டுகளுக்கு முன் புரட்டாதி மாதத்திற் பிறந்த மறிக்குட்டி ஒன்றைப் பிள்ளைகள் போத்தலில் வளர்த்தார்கள். குட்டி கொழுகொழுவென்று வளர்ந்தது. குசினிக்குள் எச்சமிடுகிறது, புத்தகங்களை மெல்லுகிறது என்று வீட்டில் முறைப்பாடு எழுந்தது. ஏழாம் வாரத்தில் ஒரு நாள், 'இனிப் போதும்' என்று பாலையும் நிறுத்தி, அன்று மாலையே குட்டியைக் கொட்டிலிலும் விட்டேன். அது கார்த்திகை மாதம். பெரிய ஆடுகள் மூன்றும் அதனைக் குழையண்டை அணுகவிடவில்லை. இரண்டு இரவு ஓயாமற் கத்தியது. மூன்றாம் நாள் கத்தல் நின்றது. பழகிவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். உண்மையில் அது சோர்ந்துபோயிருந்தது. நாலாம் நாள் மூக்கு ஒழுகி இருமியது. ஆறாம் நாட் காலையில் இறந்துகிடந்தது. நுரையீரல் அழன்றிருப்பதாகவும், இரைப்பையில் இலை தழையே இல்லை என்றும் மிருகவைத்தியர் அறுத்துப் பார்த்துச் சொன்னார். அயல்வீட்டு ஆச்சி வேலிக்கு அப்பால் நின்று கேட்டார்: "தம்பி, குட்டிக்குப் பாலை மறக்கப்பண்ணினாயோ, வீட்டை மறக்கப்பண்ணினாயோ? ரெண்டையும் ஒரே நாளிலை செய்யலாமோ?"

ஆச்சி கேட்டது சரியான கேள்வி. பால் மறத்தல் ஒரு மாற்றம். வீட்டை விட்டு வெளியே போதல் இன்னொரு மாற்றம். புதிய கூட்டத்தோடு சேர்தல் மூன்றாவது. ஒவ்வொன்றையும் குட்டி தாங்கிக்கொள்ளும். மூன்றையும் ஒருங்கே தாங்காது. இதற்குக் காரணம் குட்டியின் வயிற்றில் இருக்கிறது.

வளர்ந்த ஆட்டின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. முதலாவது, அசைபோடுவதற்கான பெரிய அறை. இரண்டாவது தேனடை போன்ற உட்புறம் உடையது. மூன்றாவது புத்தகத்தின் ஏடுகள் போன்றது. நாலாவதே எங்கள் இரைப்பையைப்போல நீர் சுரந்து உணவைச் செரிக்கச் செய்வது. பிறந்த குட்டியிடமும் இந்நான்கும் உண்டு. ஆனால் நாலாவது அறையே அப்போது பெரியது. முதலாவது சுருங்கிய வெறும் பைபோலக் கிடக்கும். குட்டி கழுத்தை நீட்டிச் சூப்பிக் குடிக்கும்போது உணவுக்குழாயின் அடியில் உள்ள ஒரு தவாளிப்பு மடிந்து குழாய்போல மூடிக்கொள்ள, பால் முதலறையைத் தொடாமல் நேரே நாலாம் அறைக்குச் செல்கிறது. இயற்கையின் இந்த ஏற்பாடு வியக்கத்தக்கது. பாலை அகன்ற சட்டியில் வைத்து அவசரமாக மண்டச் செய்தாலும், குளிர்ந்த பாலைக் கொடுத்தாலும் இத்தவாளிப்புச் சரிவர மூடாமற் போகலாம். அப்போது பால் முதலறையில் விழுந்து புளித்து, வயிறு ஊதும், கழிச்சல் உண்டாகும். ஆகவே, பால் குட்டியின் உடற்சூடான 39 பாகை சதமளவில் இருக்கவேண்டும். குட்டி நின்றபடி, தாயின் மடியை நோக்குவதுபோலத் தலையைச் சற்றே உயர்த்திக் குடிக்கவேண்டும். குழந்தையைப்போல மடியில் மல்லாத்திப் பருக்குவது படத்துக்கு அழகு. பால் மூச்சுக்குழாயிற் புகுந்தால் நுரையீரல் நோய்க்கு அதுவே வழி.

சரி, சுருங்கிக் கிடக்கும் அந்த முதலறை எப்படி விரிகிறது? நாட்கள் செல்வதால் மட்டும் அது வளர்வதில்லை. இதுவே நாம் அறியவேண்டிய முதன்மையான செய்தி. குட்டி கொறிக்கும் இலையும் தவிடும் முதலறையை அடைந்து, அங்கே குடியேறும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களாற் புளிக்கவைக்கப்படுகின்றன. அப்புளிப்பில் உண்டாகும் அமிலங்களே அறையின் உட்சுவரைத் தூண்டி, உணவின் சத்தை உறிஞ்சும் சிறு முளைகளை வளர்க்கின்றன. இலையின் பருமன் அறையை விரித்துத் தசைகளை வலுப்படுத்துகிறது. பால் இவ்வேலைகளிற் பெரும்பங்கு கொள்வதில்லை. பாலை மட்டும் வயிறு நிறையக் குடித்த குட்டி மூன்று மாதமானாலும் உள்ளே பச்சைக் குட்டியாகவே இருக்கும். என் குட்டி கொழுத்திருந்தது. ஆனால் இலையைச் செரிக்கும் வயிறு அதற்கு இன்னும் அமையவில்லை. நானோ அதற்கிருந்த ஒரே உணவை ஒரு மாலைப்பொழுதில் நிறுத்திவிட்டேன்.

எனவே பால் மறக்கச் செய்யும் வேலை, பாலை நிறுத்தும் நாளில் அன்று, இரண்டாம் வாரத்திலேயே தொடங்குகிறது. அந்த வயதிற் குட்டி எதையும் வாயில் வைத்துப் பார்க்கும். அதன் தலையுயரத்தில் இளங்குழைக் கொத்து ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். பூவரசு, முள்முருக்கு, பலா, வாதனாராயணி, அகத்தி, சீமைக்கிளுவை ஆகியவற்றில் எது கிடைக்குமோ அது போதும். சீமைக்கிளுவையைச் சில குட்டிகள் மணம் பிடிக்காமல் ஒதுக்கும். அரை நாள் வாடவைத்துக் கொடுத்தால் தின்னப் பழகும். இப்பிலிப்பில் நல்ல சத்துள்ளதே எனினும் அதையே முழு உணவாக்கினால் மயிர் உதிரக்கூடும். மற்றைக் குழைகளோடு கலந்து கொடுக்கவேண்டும். மரவள்ளியின் பச்சையிலையையும் அலரியையும் குட்டி எட்டாத தூரத்தில் வையுங்கள். அலரி சிறிதளவிலேயே உயிரைப் போக்கும்.

குழையோடு, அரிசித் தவிடும் தேங்காய்ப் பிண்ணாக்கும் உழுத்தங் கோதும் கலந்து ஒரு சிறு கிண்ணத்தில் ஒரு பிடி வைக்கலாம். தின்னாமல் மிஞ்சுவதை மாலையில் எடுத்துப் பெரிய ஆடுகளுக்குப் போட்டுவிட்டு, மறுநாட் புதிதாக வைக்கவேண்டும்; எச்சில் பட்டுப் புளித்ததைக் குட்டி தொடாது. தண்ணீரும் தனியே இருக்கவேண்டும். பால் குடிக்கிறதே, தண்ணீர் எதற்கு என்று பலர் எண்ணுவர். முதலறையில் வாழும் நுண்ணுயிர்களுக்குத் தண்ணீர் வேண்டும். குட்டி குடிக்கும் பாலோ அவ்வறைக்குப் போவதில்லை. சூப்பிக்குப் பழகிய குட்டிக்குப் பாத்திரத்திற் குடிக்கத் தெரியாதாகையால், இளஞ்சூடான தண்ணீரில் விரலை நனைத்து அதன் உதட்டிற் தடவிக் காட்டவேண்டியிருக்கும்.

இங்கே சோற்றைப்பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுக்குள் வளரும் குட்டிக்குப் பிள்ளைகளின் கோப்பையில் மிஞ்சிய சோறு போவது வழக்கம். ஒரு வாய் இரண்டு வாய் தின்றால் மோசமில்லை. ஆனால் வீட்டிலே ஒரு விசேடம் நடந்த அன்று கிடாரம் மிஞ்சிய சோற்றைக் கண்டு பசித்த குட்டி வயிறு முட்டத் தின்றால், முதலறையில் அமிலம் திடீரெனப் பெருகி அது ஒரே நாளிற் சாயும். செழிப்பான தீனி திடீரென மிகுந்தாற் குடலில் நஞ்சு உண்டாக்கும் கிருமியொன்றும் உண்டு. மாலையில் ஓடியாடிய குட்டி காலையில் இறந்துகிடப்பது பல வேளைகளில் அதனாலேயே. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. உங்கள் பகுதி மிருகவைத்தியரிடம் கேட்டறியுங்கள்.

முதற் குட்டி இறந்த பின் அடுத்த மாசியில் எங்கள் ஆடு ஒன்று மூன்று குட்டிகள் போட்டது. கடைசிக் குட்டி வெள்ளை மறி; பிறந்தபோது நிறை 1.8 கிலோ. தாயின் மடியிற் கடும்புப்பாலை, அதாவது சீம்பாலை, முதல் நாளிலேயே பிழிந்து பருக்கினோம். பின்னர் பசுப்பால், தண்ணீர் கலவாமல். நாளொன்றுக்கு அதன் நிறையில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கு என்ற கணக்கில், முதலில் ஐந்து வேளையாகவும் பின்னர் நான்கு, மூன்று வேளையாகவும் கொடுத்தோம். வாரம் ஒரு முறை குட்டியைச் சாக்கிற்குள் விட்டுத் தூக்குத் தராசில் நிறுத்துக் கதவுநிலையிற் சுண்ணக்கட்டியாற் குறித்துவைத்தேன். என் கண்ணை நான் நம்பாமல் விட்டதற்கு முதற் குட்டியே காரணம்.

மூன்றாம் வாரத்திலிருந்து, பனி உலர்ந்த பின் காலை வெயிலில் ஒரு மணி நேரம் வளவில் விட்டோம். ஐந்தாம் வாரத்தில் எங்கள் கிழட்டு மறியாடு ஒன்றை அதற்குத் துணையாக்கினோம். முட்டாத, பொறுமையான ஆடு அது. அதன் அருகில் நின்று குட்டி எதை முகர்கிறது, எதைத் தின்னாமல் விடுகிறது என்று பார்க்கவேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை மூத்த பிள்ளையின் கொப்பியைப் பார்த்தெழுதுவதுபோல இருக்கும். தாயில்லாக் குட்டிக்குத் தின்னக் கற்பிப்பதற்கு மனிதரை விட ஆடே தகுதி வாய்ந்தது. அசைபோடுவதற்கான நுண்ணுயிர்களும் மற்றை ஆடுகளோடு பழகுவதால் எளிதிற் கிடைக்கின்றன. ஏழாம் வாரத்திற் பகல் முழுவதும் வெளியே. கொட்டிலில் ஒரு மூலையைத் தட்டியால் மறைத்துக் கொடுத்தோம். தட்டியின் இடைவெளியூடாக மற்றை ஆடுகள் அதை மோந்து பார்க்கும், முட்ட இயலாது.

எட்டாம் வாரத்தில் இரவையும் கொட்டிலுக்கு மாற்றினோம். ஆனால் பாலிற் கைவைக்கவில்லை. மாலைப் போத்தலைக் குசினியிற் கொடுக்காமல் கொட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். பால் இருக்கும் இடம் இனி இதுதான் என்று குட்டி இரண்டு நாளில் அறிந்துகொண்டது. முதலிரவு கத்தத்தான் செய்தது. பிள்ளைகள் எழுந்து போகத் துடித்தார்கள். கிழட்டு ஆட்டை அந்த மூலைக்குள் விட்டதும் கத்தல் தணிந்தது. கத்தும்போதெல்லாம் போத்தலோடு ஓடினால், கத்தினாற் பால் வரும் என்ற பாடத்தை நாமே கற்பித்தவர்களாவோம். ஆயினும் சத்தத்தைக் கவனியாது இருந்துவிடவும் கூடாது. தனிமையிற் கத்தும் குட்டி காலையிற் தீனியைக் கண்டதும் தின்னும். தின்னாமல், காது தொங்கி, முதுகை வளைத்து நிற்கும் குட்டி நோயுற்ற குட்டி; அதை வீட்டுக்குக் கொண்டுவருவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒன்பதாம் வாரம் தராசு 5.6 கிலோ காட்டியது. பிறந்த நிறையின் இரண்டரை மடங்கைக் கடத்தல் பால் நிறுத்துவதற்கான ஓர் அடையாளம். இங்கே மூன்று மடங்கே ஆகியிருந்தது. மற்றை அடையாளங்களும் கூடியிருந்தன. தொடர்ந்து பல நாட்களாக ஒரு பிடித் தீனியையும் குழையையும் தானாகவே தின்றது, படுத்திருக்கும்போது அசைபோட்டது, புழுக்கைகள் உருண்டு உலர்ந்திருந்தன, மாலையில் இடப்பக்க வயிறு நிறைந்து தெரிந்தது. வயது வாரங்களை மட்டும் எண்ணுவதைவிட இவற்றை எண்ணுவது மேல். மெலிந்த குட்டிக்குப் பன்னிரண்டு வாரம் வரை பால் கொடுப்பதில் நட்டம் இல்லை. முந்தி நிறுத்திப் பால் மிச்சம்பிடித்தவர் பின்னர் மருந்துக்கு அதைவிடக் கூடுதலாகச் செலவிடுவர்.

அப்போது வேளைக்கு 200 மில்லிலீற்றராக மூன்று வேளை குடித்துவந்தது. முதலில் மதியப் பாலை இரண்டு நாள் பாதியாக்கி, பின்னர் விட்டோம். அடுத்த ஐந்து நாட்களிற் காலைப் பாலைச் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினோம். மாலைப் பால் இறுதிவரை இருந்தது. காலையிற் பசியோடு விழித்த குட்டி பகல் முழுவதும் குழையைத் தேடும். மாலையில் ஒரு வாய் பால் கிடைத்தால் நீண்ட இரவைத் தாங்கும். கடைசி நாட்களில் 150, 100, 50 என்று இறக்கினோம். எல்லாமாகப் பதினான்கு நாட்கள். பாலிற் தண்ணீரைக் கூட்டிக் கூட்டி மறக்கச் செய்வாரும் உளர். எனக்கு அதிற் பிரியமில்லை. வயிறு நிறைந்தும் சத்து இல்லாமற்போகிறது. வயிறு நிறைந்த குட்டி தீனியையும் தேடாது.

வெளியே விடுவதில் மழையும் பனியுமே நம் நாட்டிற் பெரும் பகை. ஆடு குளிரைத் தாங்கினும் தாங்கும். நனைந்த உடலிற் காற்றடிப்பதைத் தாங்காது. வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெருமழைக் காலம். அக்காலத்திற் போத்தற் குட்டியைக் கொட்டிலுக்கு மாற்றாமல் இரண்டு மூன்று வாரம் பிந்துவது நன்று. மாற்றியே ஆகவேண்டுமானால், சாரல் வரும் பக்கத்தைக் கிடுகுத் தட்டியால் மறைத்து, நிலத்திலிருந்து உயர்த்திய பரண் தளம் அமைக்கவேண்டும். பலகைகளின் இடைவெளி குட்டியின் குளம்பு சிக்காதபடி ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேற்படாதிருத்தல் நலம். புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடுவதால் தளம் உலர்ந்திருக்கும். ஈரமும் அழுக்கும் சேர்ந்த தரையிலேதான், குட்டிகளுக்கு இரத்தங் கலந்த கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரி பெருகுகிறது. பால் மறக்கும் வாரங்களில், குட்டி தளர்ந்திருக்கும் சமயம் பார்த்து அது தாக்கும். கழிச்சலைக் கண்டால் உடனே மிருகவைத்தியரை நாடுங்கள்.

இனிப் புழு. வீட்டுக்குள் வளர்ந்த குட்டிக்கு இதனோடு பழக்கமே இல்லை. ஆதலால் எதிர்ப்பும் இல்லை. ஆட்டின் எச்சத்தில் விழும் முட்டைகள் பொரித்து, இளம்புழுக்கள் பனி நனைந்த புல்லின் மேல் ஏறி நிற்கின்றன. குட்டி அப்புல்லை மேயும்போது உட்சென்று, இரைப்பைச் சுவரைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சுகின்றன. கண்மடலின் உட்புறத்தைக் கீழே இழுத்துப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தாற் குறையில்லை. வெளிறிப் போயிருந்தால், அல்லது தாடையின் கீழ் நீர்வீக்கம் தொங்கினால், தாமதிக்கலாகாது. பனி உலரும்வரை மேயவிடாதிருப்பதும், கட்டையாக மேய்ந்துபோன புற்றரையிற் குட்டியைக் கட்டாதிருப்பதும் நல்ல காப்பு. இளம்புழுக்கள் பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியிலேயே தங்குவதால், தலையுயரத்திற் கட்டிய குழையை அவை எட்டுவதில்லை. வேலிக் கதியாலில் வெட்டிய குழையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடும் எங்கள் பழைய வழக்கத்தை, நிலத்திற் போட்டால் ஆடு மிதித்து வீணாக்கும் என்பதற்காக மட்டுமே செய்கிறார்கள் என்று நான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

சிறு குட்டியைக் கயிற்றிற் கட்டித் தனியே விட்டுப் போகாதீர்கள். கயிறு கழுத்தைச் சுற்றும். கட்டாக்காலி நாய்கள் வந்தால் ஓடவும் இயலாது. மனிதரோடு வளர்ந்த குட்டி நாயைக் கண்டு அஞ்சுவதுமில்லை. கிடாய்க் குட்டியானால் இன்னொரு கவனமும் வேண்டும். பிள்ளைகள் அதன் நெற்றியைக் கையாற் தள்ளி விளையாடுவர். குட்டியாயிருக்கும்போது அது வேடிக்கை. மனிதரைத் தன் இனமென்று எண்ணி வளர்ந்த அந்தக் கிடாய், ஓராண்டின் பின் அதே விளையாட்டை வயோதிபரோடு தொடங்கினால் எலும்பு முறியும்.

பால் நின்ற முதல் வாரத்தில் வெள்ளைக் குட்டியின் நிறை கூடவில்லை. 100 கிராம் குறையவுஞ் செய்தது. பயந்துபோய் மறுபடி போத்தலை எடுக்க நினைத்தேன். தீனி தின்றது, அசை போட்டது, கண்மடல் சிவந்திருந்தது, ஆகவே பொறுத்தேன். அடுத்த வாரம் தராசு ஏறியது. ஓரிரு வாரம் வளர்ச்சி தரித்து நிற்பது இயல்பே என்று பின்னர் அறிந்தேன். இரண்டு வாரத்துக்கு மேலும் நிறை இறங்கினாலே கவலைப்படவேண்டும். சில நாட்கள் மாலைவேளையிற் குசினி வாசலுக்கு வந்து நின்றது. ஒரு நாள் மற்றை ஆடுகள் ஒழுங்கையிலிருந்து திரும்பும் சத்தம் கேட்டு அங்கே ஓடியது. அதன்பின் வாசலுக்கு வருவதில்லை.

அது இப்போது இரண்டு முறை ஈன்றுவிட்டது. குட்டிகள் நான்கும் தாயின் மடியிலேயே குடித்து வளர்ந்தபடியால், சூப்பிப் போத்தல் கழுவியபடி குசினித் தட்டிற் கிடக்கிறது.